சாமைக் களத்துக்குப் பக்கத்தில் ஒரு டவுன்

போளூர் பஸ் நிலையத்தில் ஜமுனாமரத்தூர் பஸ் வந்து நின்றால், உட்கார இடம் பிடிப்பவர்களுக்கு முன்னால் மூட்டைக்கு இடம் பிடிப்பவர்கள் ஓடுகிறார்கள். மேலே போகும் பஸ்ஸில் அரிசி, மளிகை, பிளாஸ்டிக் குடம், பள்ளிக்கூடப் பை, ஆஸ்பத்திரி மருந்துப் பொட்டலம். கீழே வரும் பஸ்ஸில் புளி, பலா, சீத்தாப்பழம், தேன், சாமை. மலைக்கும் சமவெளிக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் அந்த ஒரு பஸ்ஸின் மூட்டைகளிலேயே பார்த்துவிடலாம்.

அத்திமூரைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. வளைவுக்கு வளைவு காற்று மாறுகிறது. கீழே புழுங்கிக்கொண்டு வந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுகிறார்கள். போளூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் தலைமை ஊர் இதுதான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி விடுதிகளும் கடைகளும் நிறைந்த மலை நகரத்தை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஒரு கடைத்தெரு, அரசு அலுவலகங்கள், பள்ளிகள், ஆஸ்பத்திரி, அதைச் சுற்றிப் புதிதாக எழும்பும் மாடி வீடுகள். அந்த வீடுகளின் பின்பக்கச் சுவரிலிருந்து நாலு எட்டு வைத்தால் சாமைக் கொல்லை.

அந்தச் சுவருக்கும் கொல்லைக்கும் நடுவில் இருக்கும் நாலு எட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

மலை ஒன்று, மாவட்டம் மூன்று

ஜவ்வாது மலை ஒரே மலைத்தொடர். ஆனால் அரசுக் கணக்கில் அது மூன்று துண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தபோது மலையும் பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது இன்னொரு முறை பிரிந்தது. இப்போது ஜமுனாமரத்தூரும் அதைச் சேர்ந்த ஊராட்சிகளும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றன. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்றும் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு பக்கம் வேலூர் மாவட்டம்.

ஊர்ப் பெயர்களில் வரும் ‘நாடு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலை ஏறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஊருக்கு ஒரு பெரியவர், நாட்டுக்கு ஒரு பெரியவர். கல்யாணம், கருமாதி, திருவிழா, எல்லைத் தகராறு எல்லாம் அவர்கள் முன்னிலையில்தான் பேசி முடிக்கப்பட்டன. மாவட்டக் கோடு வருவதற்கு முன்பே மலைக்கு அதன் சொந்தக் கோடு இருந்தது.

ஜமுனாமரத்தூர் முதலில் போளூர் தாலுகாவில் ஒரு மலைக் கிராமம். பிறகு 11 ஊராட்சிகளைக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தின் தலைமையிடம் ஆனது. பின்னர் தனித் தாலுகாவும் ஆனது. ஒன்றிய அலுவலகம் வந்தால் அதன் பின்னால் ஊழியர்கள் வருவார்கள். தாலுகா அலுவலகம் வந்தால் மனு எழுதுபவர், ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மெஸ் வரும். அவர்கள் தங்க வாடகை வீடு வேண்டும். டவுன் பிறப்பது இப்படித்தான். ஆலை வந்து வளர்ந்த ஊர் அல்ல இது. அலுவலகமும் பள்ளிக்கூடமும் வந்து வளர்ந்த ஊர்.

யார் வீடு கட்டுகிறார்கள்?

புதுத் தெருக்களில் மூன்று வகைக் குடும்பங்களைப் பார்க்கலாம். முதலாவது, கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், வனத்துறை ஊழியர். இவர்களில் பலர் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்கி, திங்கட்கிழமை காலையில் திரும்புகிறவர்கள். இரண்டாவது, கடை வைத்திருப்பவர்கள். மூன்றாவதாக வருபவர்கள்தான் ஊரை உண்மையில் மாற்றுகிறார்கள். உள் கிராமத்து மலைவாழ் குடும்பங்கள். பிள்ளை ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு போகும்போது, நிலத்தைப் பார்த்துக்கொள்ள அப்பா கிராமத்திலேயே தங்கிவிட, அம்மாவும் பிள்ளைகளும் ஜமுனாமரத்தூரில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் இரண்டு மூன்று சென்ட் பார்த்து வீடு கட்டுகிறார்கள்.

அதில் தவறு சொல்ல முடியாது. படிப்பு என்ன செய்யும் என்பதை மலை தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது. ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதி தேர்வில் வெற்றி பெற்றார். 2023 நவம்பரில் சென்னையில் தேர்வு நடந்தபோது அவருக்குக் குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் பயணம் செய்து எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தபோது மாநிலமே அவர் பெயரைப் பேசியது. அன்றைக்கு மலைக் கிராமங்களில் எத்தனை அம்மாக்கள் தங்கள் பெண் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பதைக் கணக்கெடுக்க முடியாது. ஆனால் வாடகை அறைகளுக்குத் தேவை ஏன் கூடுகிறது என்பதை அது புரியவைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். மானாவாரி நிலம் ஒரு போகம்தான் தரும். மீதி மாதங்களுக்கு வேலை தேடித் திருப்பூர், கேரளா, கர்நாடகத்துக் காப்பித் தோட்டம் என்று போக வேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் ஒரு தரகர் காட்டிய ஆபத்தான வேலையும் சேர்ந்துகொண்டது. பிள்ளைக்காக வாடகை அறை எடுக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் மனசிலும் இந்த இரண்டு கதைகளும் இருக்கின்றன.

களம் இல்லாத வீடு

பழைய மலை வீட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மண் சுவர், புல் வேய்ந்த கூரை, சாணம் மெழுகிய தரை. வாசலில் ஆடு, மாடு, கோழிக்கு இடம். தானியத்துக்குக் குதிர். ஊருக்குப் பக்கத்திலேயே களம். அந்த வீட்டில் மனிதர்கள் இருந்த இடத்தைவிட விவசாயம் இருந்த இடம் அதிகம்.

ஜவ்வாது மலை என்றால் முதலில் சாமைதான். ஆடிப் பட்டத்து மழையை நம்பி விதைப்பார்கள். பெரும்பாலும் கை விதைப்பு. ஏக்கருக்கு 5 கிலோ விதை போதும். வரிசை விதைப்புக்கு 4 கிலோ. உரம், மருந்து என்று பெரிய செலவு கிடையாது. சரிவு நிலத்திலும், மண் ஆழம் குறைந்த இடத்திலும், மழை கொஞ்சம் தள்ளிப் போனாலும் தாங்கும் பயிர் இது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம், ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டிருக்கிறது. குறுகிய வயதில், ஒரே சமயத்தில் அறுவடைக்கு வரும் ரகம். மலைக்காரர்கள் கைவசம் இருக்கும் நாட்டுச் சாமை வயது கூடியது. வைக்கோல் அதிகம் தரும். மாட்டுக்கும் கூரைக்கும் வைக்கோல் வேண்டும் என்பவர்கள் நாட்டு விதையை விடுவதில்லை.

விளைவிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு. சாமையின் உமி நெல் உமி மாதிரி சுலபமாகப் போகாது. உரலில் குத்தினால் இரண்டு படி அரிசிக்கு அரை நாள் போய்விடும். அதனால்தான் ரேஷன் அரிசி வந்ததும், விளைந்த சாமையை அப்படியே தானியமாக விற்றுவிட்டு, நெல்லரிசிச் சோறு சாப்பிடும் பழக்கம் வந்தது. தானியம் விற்கும் விலைக்கும், நகரத்துக் கடையில் பாக்கெட்டில் இருக்கும் சாமை அரிசி விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மலையேறி வரும் எவரும் பார்க்கலாம். உமியும் தவிடும் போன சேதாரத்தைக் கழித்தாலும் அந்த வித்தியாசம் பெரிது. அது இயந்திரம் வைத்திருப்பவருக்கும், பாக்கெட் போடுபவருக்கும் போகிறது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்தில் சாமைக்குப் பெயர் வந்தது. மலையிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் குழுக்கள் மூலமாக உமி நீக்கி, அரிசியாகவும் மாவாகவும் விற்கும் முயற்சிகள் நடக்கின்றன. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மலையிலேயே தங்கும் என்பதைப் பொறுத்துத்தான் சாமை தங்குவதும் இருக்கிறது.

இப்போது டவுன் வீட்டுக்கு வரலாம். இரண்டு சென்ட்டில் கட்டிய கான்கிரீட் வீட்டில் சமையலறை உண்டு, கழிப்பறை உண்டு, மழை ஒழுகாது. பாம்பு, தேள் பயம் குறைவு. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதில் களம் கிடையாது. குதிர் வைக்க இடம் கிடையாது. ஆடு கட்ட முடியாது. மாடு கட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அறுத்த கதிரைத் தார் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிச் சக்கரத்திலேயே மிதிபட வைக்கிறார்கள். அதில் கல்லும் மண்ணும் சேர்ந்தால் விலையில் குறைப்பார்கள். ஆடு இல்லாவிட்டால் எரு இல்லை. எரு இல்லாவிட்டால் உரச் செலவு இல்லாத சாமைக்கும் உரம் வாங்க வேண்டி வரும். வீடு மாறும்போது விவசாயக் கணக்கும் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. ஊராட்சி நிலத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமென்ட் களம், அதை ஒட்டி ஒரு சேமிப்புக் கொட்டகை, ஓர் உமி நீக்கும் இயந்திரம் இருந்தால், வீடு டவுனில் இருந்தாலும் விவசாயம் நிற்காது. உலர்களம் கட்ட ஊரக வேலைத் திட்டத்திலும் வேளாண் துறைத் திட்டங்களிலும் இடம் உண்டு. கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். தெரு விளக்குக்கும் சிமென்ட் சாலைக்கும் கை தூக்குகிறவர்கள் களத்துக்கும் கை தூக்கினால் போதும்.

சத்துவாச்சாரி சொல்லும் பாடம்

ஜமுனாமரத்தூருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க, மலையிலிருந்து வடக்கே இறங்கி வேலூர் போக வேண்டும். வேலூரின் கிழக்கே, பாலாற்றின் தென்கரைப் பக்கத்தில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சத்துவாச்சாரி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் ‘ஃபேஸ் ஒன்னா, டூவா, த்ரீயா?’ என்று ஆட்டோக்காரர் கேட்பார். வீட்டுவசதி வாரியம் கட்டம் கட்டமாக உருவாக்கிய குடியிருப்புகளின் பெயர் அது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான். நீதிமன்ற வளாகமும் அங்கேதான். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய ஊர். வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆனது. தனி நகராட்சியாக இருந்த சத்துவாச்சாரி 2011-ல் அதனோடு சேர்ந்தது.

அதுவும் ஒரு காலத்தில் ஆற்றங்கரைக் கிராமம்தான். முதலில் அலுவலகம் வந்தது, பிறகு ஊழியர் குடியிருப்பு, பிறகு தனியார் மனை, பிறகு கடைத்தெரு. ஜமுனாமரத்தூரில் இப்போது நடக்கும் அதே வரிசை. கிராமமாக இருந்தபோது ஏக்கர் கணக்கில் பேசிய ஊர், டவுனாகும்போது சதுர அடிக் கணக்கில் பேச ஆரம்பிக்கிறது. ஏக்கரை மொத்தமாக விற்றவருக்கும், சதுர அடியாகப் பிரித்து விற்றவருக்கும் கிடைத்த பணத்தில் இருக்கும் வித்தியாசம் தமிழ்நாட்டின் எந்தப் புறநகருக்குப் போனாலும் கேட்கக் கிடைக்கும் கதை. விற்றவரின் பிள்ளை அதே மனையில் வாடகைக்குக் குடியிருப்பதும் உண்டு.

இதில் சத்துவாச்சாரிக்கும் மலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். சமவெளி விவசாயி நிலத்தை விற்றால், அந்தப் பணத்தில் பத்து கிலோமீட்டர் தள்ளி வேறு நிலம் பார்க்க முடியும். மலையில் அது நடக்காது. சுற்றிலும் காப்புக்காடு. இருக்கும் பட்டா நிலம் எவ்வளவோ அவ்வளவுதான். அது ஒரு தட்டில் இருக்கும் சோறு மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், மேலே பரிமாற ஆள் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

பக்கத்து ஆந்திராவில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்க முடியாது. 1959-ல் வந்து 1970-ல் இறுக்கப்பட்ட விதி அது. அங்கே அதைச் சாதாரணமாக ‘ஒன் ஆஃப் செவன்ட்டி’ என்பார்கள். அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட பகுதிகள் அங்கே இருப்பதால் அது சாத்தியமானது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. அதனால் மலைவாழ் மக்களின் பட்டா நிலத்துக்கு அந்த மாதிரிப் பூட்டு இங்கே இல்லை. அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால், ஒப்படை ஆணையில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் காப்பு. ஆகவே கையில் இருக்கும் நிலம் ஒப்படையா, பரம்பரைப் பட்டாவா, வன உரிமைப் பத்திரமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொண்டு பிரயோஜனமில்லை.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-ம் தேதிக்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம், அனுபவத்தில் இருக்கும் அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர் வரை உரிமை கேட்கலாம். இந்த உரிமை வாரிசுக்குப் போகும். விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் வரும். மனுவை முதலில் வாங்கிப் பரிசீலிக்க வேண்டியது கிராம சபைதான். தனி உரிமைக்கு ஒரு படிவம், ஊர்ப் பொது உரிமைக்கு இன்னொரு படிவம், ஊர் பாதுகாத்துவரும் காட்டு வளத்துக்கு மூன்றாவது படிவம். தேன், புளி, கடுக்காய் மாதிரியான சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமையும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. பலர் தனிப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஊர்ப் பொது உரிமையை வாங்கி வைத்த ஊருக்கு, நாளைக்கு மேய்ச்சல் நிலத்தையோ நீர்நிலையையோ யாராவது கேட்டு வரும்போது சொல்ல ஒரு பதில் இருக்கும்.

மனை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்கான சலுகை அது. மலையிலோ கீழேயோ, இன்றைக்குப் புதிதாகப் பிரித்து விற்கும் மனைக்கு அங்கீகார எண் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

மேலே பெய்யும் மழை, கீழே பாயும் ஆறு

ஜமுனாமரத்தூரில் ஒரு வீடு கூடினால் கீழே இருக்கும் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். செங்கம் பக்கத்தில் குப்பநத்தம் அணை அந்த ஆற்றில்தான் இருக்கிறது. கலசபாக்கம் பக்கத்தில் மிருகண்டா நதி அணை, படவேட்டுக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு அணை, இவை இரண்டுக்கும் இதே மலையின் தண்ணீர்தான். ஆரணியைக் கடந்து போகும் கமண்டல நாகநதியும் இங்கிருந்துதான் இறங்குகிறது. இவையெல்லாம் செய்யாற்றில் சேர்ந்து, செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரத்து நெல் வயல்களும் ஏரிகளும் மலைச்சரிவு எவ்வளவு மழையைப் பிடித்து, எவ்வளவு மெதுவாக விடுகிறது என்பதை நம்பி இருக்கின்றன.

சாமைக் கொல்லை மழையை ஓரளவு உறிஞ்சும். காடு நன்றாக உறிஞ்சும். கான்கிரீட் கூரையும் தார் ரோடும் உறிஞ்சாது. பெய்ததை அப்படியே ஓடையில் தள்ளும். ஓடை மண்ணை அரித்துக்கொண்டு அணையில் கொட்டும். வீடு கட்டாதீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓடைக் கரையை விட்டுத் தள்ளிக் கட்டலாம், கூரைத் தண்ணீரைத் தொட்டியிலோ உறிஞ்சு குழியிலோ விடலாம், கழிவுநீர் ஏரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஜமுனாமரத்தூரில் சுற்றுலாப் பயணிகள் படகு ஓட்டும் கோமுட்டேரி, இன்றைக்கு மலைக்கு ஓர் அழகு. ஊர் பெருக்கும் சாக்கடையை அதில் விட்டால் நாளைக்குப் படகு ஓட்ட மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சமவெளி நகரங்களில் எத்தனை ஏரிகளுக்கு அந்த முடிவு வந்தது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

இருட்டும் ஒரு சொத்து

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் வருகிறது. 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள். வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 1960-களின் கடைசியில் ஒரு சிறு தொலைநோக்கியோடு ஆரம்பித்த இடம். வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமத்திய ரேகைக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பதால் தென் வானத்து நட்சத்திரங்களும் தெரியும், சுற்றிலும் காடு இருப்பதால் தூசியும் வெளிச்சமும் குறைவு. 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய கவனிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு, நம் நாட்டிலேயே உருவாக்கிய பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் இங்கே செயல்பாட்டுக்கு வந்தது. அதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயர். 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

வானியலாளருக்கு வேண்டியது இருட்டு. மலைக் கிராமத்துக்கு வேண்டியது வெளிச்சம். பாம்பு மிதிக்காமல் நடக்கத் தெரு விளக்கு வேண்டும், பிள்ளை படிக்க வீட்டு விளக்கு வேண்டும். இரண்டும் நியாயம். விளக்கின் தலைக்கு மூடி போட்டு, வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் தரைக்கு மட்டும் வரும்படி அமைத்தால் இரண்டு பேருக்கும் பிழைப்பு நடக்கும். மின்சாரமும் மிச்சம். டவுன் வளரும்போது இப்படி முன்யோசனையாகச் செய்யக்கூடிய காரியங்கள் நிறைய இருக்கின்றன. வளர்ந்த பிறகு செய்தால் செலவு பத்து மடங்கு.

டவுனுக்கு வெளியே

ஜமுனாமரத்தூரில் வீடுகள் நெருங்கிக்கொண்டிருக்க, மலையின் மற்ற மூலைகளில் இன்னும் சாலைக்கே காத்திருக்கிறார்கள். 2023 மே மாதம் வேலூர் மாவட்டப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதியில் நின்றது. தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காட்டு வழியே சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் கோப்பு சுற்றுகிறது. ஆனால் வன உரிமைச் சட்டத்திலேயே இதற்கும் ஒரு பிரிவு உண்டு. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை போன்ற தேவைகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க முடியும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை.

எல்லாக் குடும்பமும் டவுனுக்கு இறங்கி வர விரும்பி வருவதில்லை. சாலையும், உயர்நிலைப் பள்ளியும், நர்ஸம்மாவும் தங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தால் பாதிப் பேர் வாடகை அறை தேட மாட்டார்கள். நிலமும் களமும் ஆடும் அவர்களோடு இருக்கும். ஜமுனாமரத்தூர் எவ்வளவு வேகமாக வீங்குகிறது என்பது, ஜமுனாமரத்தூரை விட உள் கிராமங்களைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு

போளூர் வழி, ஆலங்காயம் - காவலூர் வழி, திருப்பத்தூர் - புதூர்நாடு வழி என்று மலைக்கு மூன்று பக்கமும் பாதை உண்டு. புளி வேண்டுமென்றால் மாசி, பங்குனி. பலாவுக்குச் சித்திரை முதல் ஆடி வரை. சீத்தாப்பழத்துக்கு ஆவணி, புரட்டாசி. சாமை பச்சை பிடித்து நிற்பதைப் பார்க்க ஆவணிக்குப் பிறகு போக வேண்டும். மழைக்குப் பிறகு போனால் பீமன் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் இருக்கும். கோடை விழா சமயத்தில் கூட்டம் அதிகம். விவசாயம் பார்க்கப் போகிறவர்கள் அப்போது தவிர்ப்பது நல்லது.

சாமை வாங்கினால் ரோட்டோரக் கடையில் பேரம் பேசுவதற்கு முன், அது எங்கே உமி நீக்கியது என்று கேட்டுப் பாருங்கள். மலையிலேயே அரைத்தது என்றால், சொல்கிற விலையைக் கொடுத்துவிட்டு வாங்கலாம். தங்க இடம் கிடைத்தால் விடிகாலையில் எழுந்து, புது வீடுகள் இருக்கும் தெருவின் கடைசி வரை நடந்து பாருங்கள். கடைசி வீட்டின் சுவரில் பெயின்ட் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதற்கு அப்பால் கொல்லையில் ஒரு பாட்டி குனிந்து களை பறித்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் மழை வருமா என்று கேட்பார். கீழே இருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.